வீட்டுப் பிரசவமும் சாதியும்: தேர்வு யாருக்கு இருந்தது?



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் நிலம், வன்கொடுமை, இடஒதுக்கீடு, இலக்கியம் என்று பலவற்றைப் பேசுகிறோம். பிரசவம் அபூர்வமாகவே பேசப்படுகிறது. பிறக்கும் இடத்திலேயே சாதி தொடங்கிவிடுகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிற நாம், அந்த இடம் எது, அங்கே குழந்தையை முதலில் ஏந்திய கை யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனை வேண்டாம், மருந்து வேண்டாம், பாட்டி காலத்தில் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள் என்ற பேச்சு நகரங்களில் படித்தவர்களிடையே சில ஆண்டுகளாகக் கேட்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற முயன்றபோது இரத்தப்போக்கில் இறந்துபோனார். அதையொட்டி, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் அறிவித்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார். ஒரு பக்கம் 'இயற்கை' என்ற கவர்ச்சி, மறுபக்கம் போலீஸ். இரண்டுக்கும் நடுவே, வீட்டில் பெறலாமா கூடாதா என்று நேர்மையாகக் கேட்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. நம் மாணவிகளும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் முன், 'பாட்டி காலம்' என்று சொல்லப்படுவது யாருடைய பாட்டியின் காலம் என்று பார்த்துவிடுவோம்.

1. பேறு பார்த்த கை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆதிக்க சாதி வீடுகளில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்கள். அந்தச் சாதிக்கே மருத்துவர் என்று பெயர்; பெண்ணை மருத்துவச்சி என்றார்கள். 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' தொகுதிகளிலும் இந்தப் பணி பதிவாகியிருக்கிறது. சேரிகளில் அந்தந்தக் குடியிருப்பின் மூத்த பெண்களும், தலித்துகளுக்கே துணி வெளுக்க வைக்கப்பட்ட புதிரை வண்ணார் பெண்களும் பேறு பார்த்தார்கள். வட இந்தியாவில் தொப்புள்கொடி அறுக்கும் வேலை பல பகுதிகளில் சமார் பெண்கள் தலையில் கட்டப்பட்டிருந்தது.

அந்த வேலையில் இருந்த அறிவு சாதாரணமானதல்ல. வயிற்றைத் தடவிப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்வது, பொய்வலியையும் மெய்வலியையும் பிரித்தறிவது, நஞ்சுக்கொடி முழுதாக விழுந்துவிட்டதா என்று பார்ப்பது, பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து இடித்துக் கொடுப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. ஆனால் அந்த அறிவுக்குக் கிடைத்த மதிப்பு என்ன? கூலியாகச் சில படி நெல், ஒரு பழம்புடவை, வெற்றிலை பாக்கு. பிறந்தது ஆண் என்றால் கொஞ்சம் கூடுதல். பிரசவத்தின்போது வீட்டுக்குள் விடப்பட்ட அதே பெண், தீட்டுக் கழித்த மறுநாள் திண்ணையோடு நின்றாள். இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு. அந்தத் தீட்டைத் தொடுவதற்கென்றே ஒரு சாதி. தொட்டதனாலேயே அவள் மேலும் தீட்டு. சாதி இப்படித்தான் ஓர் அறிவை இழிதொழிலாக்கியது.

ஆக, பாட்டி காலத்து வீட்டுப் பிரசவம் என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவதில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டால் ஓடிவரச் சாதிக் கட்டாயத்துக்கு உட்பட்ட ஒரு பெண் இருந்தாள். அவளுடைய சொந்த வீட்டிலோ, நாள் நெருங்கும்வரை கழனியில் நாற்று நட்டுவிட்டு வந்து, இருக்கிற துணியில் பெற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டையும் 'வீட்டுப் பிரசவம்' என்ற ஒரே சொல்லால் அழைத்தால் வரலாறு மறைந்துபோகும்.

2. 'சாதிப் பெண்களுக்கான' மருத்துவமனை

சென்னையில் பிரசவத்துக்கென்று அரசு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. இன்று எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை என்று நாம் அறிவது அதுதான். ஆனால் சாதி இந்துப் பெண்களும் கோஷாப் பெண்களும் ஆண் மருத்துவர்கள் இருக்கும், எல்லாரும் வந்துபோகும் மருத்துவமனைக்கு வர மறுத்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், அவர்களுக்கென்றே தனி மருத்துவமனை அமைய முயற்சி எடுத்தார். 1885-இல் அது தொடங்கியது. அதன் பெயர், 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை'. வெங்கடகிரி ராஜா கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தார். இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையின் தொடக்கம் இதுவே.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். 'சாதிப் பெண்கள்' என்றால் சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அல்லாதவர்கள் என்று பொருள். நவீன மருத்துவம் இந்த மண்ணில் கால் வைத்தபோது சாதியைக் கேள்வி கேட்கவில்லை. தனி வாசல் வைத்துக் கொடுத்தது. அதே 1885-இல் வைஸ்ராய் டஃபரினின் மனைவி பெயரில் உருவான நிதியம் இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைத் தருவதாக அறிவித்தது. அதன் கவனமும் பெரிதும் வீட்டுத் திரைக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குடிப் பெண்கள் மேல்தான் இருந்தது. வயலில் வேலை செய்த பெண்ணுக்குத் திரையும் இல்லை, மருத்துவரும் இல்லை.

3. அழுக்கும் தீட்டும்

1903-இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியம் தாயிமார்களுக்குப் பயிற்சி கொடுக்க முனைந்தது. பயிற்சி நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்து அறிக்கைகளிலும் நூல்களிலும் தாயி என்றாலே அழுக்குப் பிடித்தவள், அறிவற்றவள், பிள்ளைகளைக் கொல்பவள் என்ற சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. 1927-இல் காதரின் மேயோ எழுதிய 'மதர் இந்தியா' அந்தச் சித்திரத்தை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது. மேயோவைத் தேசியவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தியாவின் மானத்துக்காகப் பேசியவர்களில் எத்தனை பேர் அந்தத் தாயியின் மானத்துக்காகப் பேசினார்கள்?

தாயிகளின் கையில் சாவு நிகழவில்லை என்று நாம் வாதிடவில்லை. நிகழ்ந்தது. அரிவாளாலும் மூங்கில் சிம்பாலும் கொடி அறுத்து, சாணமும் சாம்பலும் வைத்ததால் குழந்தைகள் வில்வாத ஜன்னியில் இறந்தன. கழுவாத கையால் தாய்மாருக்குப் பிரசவக் காய்ச்சல் வந்தது. ஆனால் அதே காய்ச்சல் ஐரோப்பாவின் பெரிய மருத்துவமனைகளிலும் வந்தது. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டார். ஒரே மருத்துவமனையில், மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பிரிவில் தாய்மார் அதிகம் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் குறைவாக இறந்தார்கள். மருத்துவர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம். குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார், சாவு குறைந்தது. வியன்னா மருத்துவரின் கையில் இருந்தது அழுக்கு. கழுவினால் போயிற்று. நம் மருத்துவச்சியின் கையில் இருந்ததும் அதே அழுக்குதான். சாதி அதற்குத் தீட்டு என்று பெயர் வைத்து, கழுவினாலும் போகாது என்றது.

1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்து, நிறுவனப் பயிற்சி பெற்றவர்களே பதிவுபெற்றவர்கள் ஆனார்கள். 1946-இல் போர் குழு அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் பெண்கள் கர்ப்பம், பிரசவம் சார்ந்த காரணங்களால் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. போதிய பயிற்சி பெற்றவர்கள் வரும்வரை தாயிகளுக்குப் பயிற்சி தொடரட்டும் என்றும் சொன்னது. அந்த இடைக்கால ஏற்பாடு அறுபது ஆண்டுகள் நீண்டது. இவ்வளவு காலத்திலும் அந்தப் பெண்களுக்கு ஒரு கருவிப்பெட்டி கொடுக்கப்பட்டது. அரசு ஊழியர் என்ற தகுதி கொடுக்கப்படவில்லை. 2005-இல் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்ததும் அவர்கள் வேண்டாதவர்கள் ஆனார்கள்.

4. மறுத்தவர்கள்

இந்த வரலாற்றில் தலித் மக்கள் வெறுமனே பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் இல்லை. செத்த மாட்டைத் தூக்காதீர்கள் என்று அண்ணல் அம்பேத்கர் விடுத்த அழைப்பை நாம் அறிவோம். உத்தரப் பிரதேசத்தில் அந்த மறுப்பு பிரசவ அறைக்கும் போனது. 'நாரா-மவேஷி' இயக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். நாரா என்றால் தொப்புள்கொடி; மவேஷி என்றால் கால்நடை. இனி உங்கள் வீட்டுக் கொடியை அறுக்க மாட்டோம், உங்கள் செத்த மாட்டை இழுக்க மாட்டோம் என்று சமார் மக்கள் ஊர் ஊராக அறிவித்தார்கள். விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் இது நடந்தது. மறுத்தவர்கள் தாக்கப்பட்டார்கள்; வயல் வேலை மறுக்கப்பட்டது.

இந்த மறுப்பை 'பாரம்பரிய அறிவு அழிந்துவிட்டது' என்று இன்று புலம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். அந்த அறிவைச் சுமந்தவர்களே அந்தச் சுமையை இறக்கி வைத்தார்கள். கட்டாயமும் இழிவும் இல்லாமல், கூலியும் பெயரும் கொடுத்திருந்தால் அவர்கள் அதைத் தொடர்ந்திருக்கலாம். அந்த வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

இன்னொரு பாதையையும் அம்பேத்கர் காட்டினார். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுக்குக் கூலி வேண்டும் என்பது அவர் வாதம். 1929-இல் சட்டம் வந்தது. அது ஆலைத் தொழிலாளிக்கு. வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த ஓய்வு இன்றும் முழுமையாக வந்து சேரவில்லை. எங்கே பெறுவது என்று யோசிக்கவே, வேலைக்குப் போகாமல் இருக்கிற சில நாட்கள் வேண்டும்.

5. மருத்துவமனை தந்ததும் எடுத்ததும்

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் மேலிருந்து இறங்கிய கருணை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஏற்பாடு, 1987-இல் 300 ரூபாயில் தொடங்கி இன்று 18,000 ரூபாயாக உயர்ந்திருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. இந்திய அளவில் 88.6, பீகாரில் 76.2. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு 2001-03-இல் தமிழ்நாட்டில் 134 ஆக இருந்தது, 2018-20-இல் 54. காப்பாற்றப்பட்டவர்களில் நம் பெண்கள் இருக்கிறார்கள். இந்தச் சாதனையை 'மேற்கத்திய மருத்துவத்தின் சதி' என்று யாராவது சொன்னால் நாம் அந்தப் பக்கம் நிற்க முடியாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிரசவ அறைக்குள் வலியில் கத்துகிற பெண்ணைக் கொச்சையாகத் திட்டுவதும், தொடையில் அறைவதும், குழந்தையைக் காட்டக் கையூட்டுக் கேட்பதும், முறையாகச் சொல்லாமலே காப்பர்-டி வைத்து அனுப்புவதும் நம் பெண்கள் வாயால் நாம் கேட்டவை. எந்தத் தெரு என்று கேட்டபின் பேச்சின் தொனி மாறுவதையும் அவர்கள் சொல்கிறார்கள். மறுபக்கம் கத்தி. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடக்கின்றன. இந்திய அளவில் 21.5. தேவைப்படும் நேரத்தில் அறுவை சிகிச்சை உயிர் காக்கும். ஆனால் இரண்டில் ஒரு பெண்ணுக்கு அது தேவை என்று எந்த மருத்துவ அறிவும் சொல்லவில்லை. மாதம் முழுவதும் கூலிக்குப் போக வேண்டியவளுக்கு வயிற்றுத் தையல் என்றால் என்ன என்பதைக் கணக்கில் யார் எடுக்கிறார்கள்?

மருத்துவமனை இருந்தும் வீட்டில் சாவது எப்படி என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பீகாரிலிருந்து பிழைக்க வந்த, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு முந்தைய கர்ப்பத்தின்போது சேர வேண்டிய இலவச சிகிச்சை மறுக்கப்பட்டிருந்தது. 2010 ஜனவரியில் அவர் பயிற்சி பெற்ற யாரும் இல்லாமல் வீட்டில் பிள்ளை பெற்று இறந்தார். 2010 ஜூன் 4 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், பேறுகாலப் பாதுகாப்பு அரசியல் சட்டம் தரும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அவரது பிரசவமும் புள்ளிவிவரத்தில் வீட்டுப் பிரசவம்தான். அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று யாராவது சொல்ல முடியுமா?

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாறும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. தென் மாநிலங்களில் பிரசவம் பார்த்த கறுப்பின மூதாட்டிகள் 1920-களில் பயிற்சிக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்தப்பட்டு, பின்னர் படிப்படியாக உரிமம் இழந்தார்கள். அலபாமா 1976-இல் சட்டம் போட்டே அவர்களை நிறுத்தியது. 2021-இல் அந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேர், வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர் இறந்தார்கள். கொரோனா தொடங்கிய 2020-இல் கறுப்பினப் பெண்களின் வீட்டுப் பிரசவம் முந்தைய ஆண்டைவிட 36 சதவீதம் கூடியது. பெருந்தொற்று அச்சத்தோடு, மருத்துவமனை மீது ஏற்கெனவே இருந்த நம்பிக்கையின்மையும் அதில் சேர்ந்திருந்தது.

6. அப்படியானால் வீட்டில் பெறலாமா?

நம்மிடம் கேட்கும் பெண்ணுக்கு நேரடியாகவே பதில் சொல்வோம். வீட்டுப் பிரசவம் பாதுகாப்பாக நடக்கும் நாடுகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் அது நீண்ட மரபு. 2011-இல் இங்கிலாந்தில் வெளியான 'பர்த்ப்ளேஸ்' ஆய்வு, ஆபத்துக் காரணிகள் குறைந்த சுமார் 64,000 பெண்களின் பிரசவங்களை ஒப்பிட்டது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் வீட்டில் பெறுவதால் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. முதல் பிரசவத்தில், குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்வது மருத்துவமனையில் 1,000-க்கு 5.3 என்றால், வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களில் 9.3. அப்படித் திட்டமிட்ட முதல் பிரசவக்காரர்களில் 45 சதவீதம் பேர் நடுவில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே வீட்டுக்கு வருவது பதிவுபெற்ற மருத்துவச்சி, கையில் மருந்து, அழைத்தால் ஆம்புலன்ஸ், போய்ச் சேரும் மருத்துவமனையில் திட்டாமல் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே வீடும் மருத்துவமனையும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு அறைகள்.

நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52.2 சதவீதம் பேர், இரத்தசோகை உள்ளவர்கள். பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். இரத்தசோகை உள்ளவளுக்கு அந்த அவகாசமும் குறைவு. காணொளி இரத்தம் ஏற்றாது. முதல் பிரசவம், இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை, முன்பு அறுவை சிகிச்சை, இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் பெறுவதை இன்றைய நிலையில் நினைத்தும் பார்க்கக் கூடாது. இவை எதுவும் இல்லாதவளுக்கும், பயிற்சி பெற்ற மருத்துவச்சி பக்கத்தில் இல்லாதபோது வீட்டுப் பிரசவத்தை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இதில் நமக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் வீட்டில் பெற விரும்புகிறேன் என்று சொல்லும் பெண்ணை முட்டாள் என்று ஒதுக்கவும் மாட்டோம். அவள் எதைத் தேடுகிறாள் என்று கேட்போம். தெரிந்த முகம் பக்கத்தில் வேண்டும், அசிங்கமாகப் பேசக் கூடாது, உடம்பைக் கேட்காமல் தொடக் கூடாது, தேவையில்லாமல் வயிற்றைக் கிழிக்கக் கூடாது. வீட்டில் கிடைக்கும் என்று அவள் நினைக்கும் இவை அனைத்தும் மருத்துவமனையிலேயே அவளுக்குச் சேர வேண்டியவை. பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. கண்ணியமான பேறுகாலப் பராமரிப்பு, 2017-இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'லக்‌ஷ்யா' திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. காகிதத்தில் இருப்பதை வார்டுக்குக் கொண்டுவருவது இயக்கங்களின் வேலை.

7. நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு பகுதியிலும் நம் தோழிகள் இதைத் தொடங்கலாம். கர்ப்பிணியோடு சோதனைக்குத் துணை போவது, ஹீமோகுளோபின் அளவை எழுதி வைப்பது, அருகில் இருபத்து நான்கு மணி நேரமும் இரத்தமும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனை எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது, இரத்தம் கொடுக்க இரண்டு பேரைத் தயாராக வைப்பது, பிரசவ அறையில் துணை இருக்கும் உரிமையை வற்புறுத்துவது, அறுவை சிகிச்சை என்றால் ஏன் என்று கேட்பது, அவமானம் நடந்தால் எழுத்தில் புகார் கொடுப்பது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம்.

அரசிடம் ஒரு கோரிக்கை முக்கியமானது. 2018-இல் ஒன்றிய அரசு மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி தரும் திட்டத்தை அறிவித்தது. மருத்துவச்சி என்ற பணி, இந்த முறை படிப்போடும் சம்பளத்தோடும் மரியாதையோடும் திரும்பி வருகிறது. அந்த இருக்கைகளில் யார் உட்காரப் போகிறார்கள்? தலைமுறை தலைமுறையாகப் படி நெல்லுக்குக் கொடி அறுத்தவர்களின் பேத்திகளுக்கு அங்கே இடம் வேண்டும். இடஒதுக்கீடு அங்கே முழுமையாக நிரப்பப்படுகிறதா என்று நாம் கணக்குக் கேட்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் பேறு பார்த்து, இன்று முதிர்ந்து கிடக்கும் மருத்துவச்சிகளுக்கு ஓய்வூதியம் கேட்க வேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் அறிந்ததைப் பதிவு செய்ய வேண்டும். நம் மாணவர்கள் தங்கள் ஊரில் ஒரு மருத்துவச்சியைத் தேடிப் போய், அவர் எத்தனை பிள்ளைகளை ஏந்தினார், யார் வீட்டில் எந்த வாசல் வழியாகப் போனார், என்ன கூலி வாங்கினார் என்று எழுதி வந்தால், அது நம் மன்றம் வெளியிட வேண்டிய முதல் நூலாக இருக்கும்.

எங்கே பெறுவது என்று ஒரு பெண் தானே முடிவெடுக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த முடிவு அவளுடையதாக இருக்க, பக்கத்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி, கூப்பிடு தூரத்தில் மருத்துவமனை, கூலியோடு ஓய்வு, அவமானமில்லாத பிரசவ அறை ஆகிய நான்கும் முதலில் இருக்க வேண்டும். இந்த நான்குக்காகத்தான் நாம் போராட வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்.